அளவைத் தாள் பார்த்துக்கொள்ளும்

பிட்டுத் துணிகளை இணைத்துப் போர்வை செய்யும் குவில்ட் வேலையில் முதலில் சறுக்குவது அளவு. எட்டுத் துண்டுகளை வரிசையாக இணைக்க ஏழு தையல் வேண்டும். ஒவ்வொன்றிலும் 1 மி.மீ. கூடுதலாகப் பிடித்தால், இருபுறமும் சேர்த்து வரிசை 14 மி.மீ. குறுகிவிடும், பக்கத்து வரிசையோடு முனைகள் சேராது. இந்த அளவுப் பொறுப்பைத் தாளிடம் ஒப்படைப்பதுதான் பேப்பர் பீசிங்.

இதில் கைத்தையல் முறையே பழையது. தேதி பொறித்த பிரிட்டிஷ் ஒட்டுத்துணி விரிப்புகளில் மிகப் பழையதாக அறியப்படும் 1718-ஆம் ஆண்டுப் பட்டு விரிப்பு இப்படித் தைத்ததே. அக்காலத்தில் பழைய கடிதம், கணக்கேடு என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி உள்ளே வைத்தார்கள். உருவாமல் விட்ட தாள்கள், விரிப்பின் காலத்தைக் கணிக்க இன்று உதவுகின்றன. நம் ஊர்களில் கல்யாணப் பத்திரிகை அட்டைக்கா பஞ்சம்? அதுவே போதும்.

பக்கத்துக்கு 1 அங்குலமுள்ள அறுகோணத்தை அட்டையில் வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்ட துணியை அதன்மேல் மடித்து, நீள ஓட்டுத் தையலால் நிறுத்த வேண்டும். பாலியெஸ்டர் கலந்தது மடிப்பில் படியாமல் எழும்பும், பருத்திதான் சரி. இரண்டு அறுகோணங்களின் நல்ல பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் ஊசி பிடிக்கும்படி சுற்றித் தைக்க வேண்டும். அட்டையில் ஊசி ஏறிவிட்டால் அப்புறம் அட்டையை உருவ முடியாது. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று ஒரு பூ முடிய 12 இணைப்புகள். அத்தனையும் ஒரே நீளம் என்பதால், தையலின் இடைவெளி கைக்கு மெல்லப் பிடிபடும்.

மெஷினில் கணக்கு வேறு. படத்தைத் தாளில் வரைந்து, பகுதிகளுக்கு வரிசை எண் போட்டு, கோட்டின்மேலேயே தைப்பார்கள். துணி தாளின் மறுபக்கம் இருப்பதால், தாளில் இடப்பக்கம் பார்க்கும் பறவை துணியில் வலப்பக்கம் பார்க்கும். முதல் துண்டின்மேல் இரண்டாவதைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, கால் அங்குலம் விட்டு நறுக்கி, திருப்பி இஸ்திரி போட வேண்டும். வினை வருவது திருப்பும்போதுதான்: கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்த துண்டு, சாய்கோட்டில் மூலையை மூடாமல் நிற்கும். தைக்கும் முன் கோட்டில் குண்டூசி குத்தித் திருப்பிப் பார்த்துவிட்டால் பிரிக்கும் வேலை மிச்சம். தையல் நீளத்தை 1.5 மி.மீ. அளவுக்குக் குறைத்தால் துளைகள் நெருங்கி, தாள் சுலபமாகக் கிழியும். ஆனால் பிழையைப் பிரிப்பவர் பாடு திண்டாட்டம். தாள் ஊசியையும் மழுக்கும். ஜாக்கெட் தைக்கும் ஊசியை இதற்குப் போடக் கூடாது.

பழகுபவர் புதுப்புதுப் படங்களைத் தேடி அலைவது வீண். ஒரே 4 அங்குலக் கட்டத்தை வாரம் தவறாமல் தைத்தால்தான் பிழையின் முகம் தெரியும். மடிப்பில் துணி உப்பி நின்றால் இஸ்திரி படியவில்லை. முனை மழுங்கினால் கட்டங்களை இணைக்கும்போது குண்டூசி நழுவியிருக்கிறது. இவை நின்றபின் சாய்கோடுகள் மிகுந்த நட்சத்திரத்துக்குப் போகலாம்.

தாளே இல்லாமலும் இக்கலை உண்டு. கர்நாடகத்தின் சித்தி சமூகப் பெண்கள் ‘கவந்தி’ போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைக்கிறார்கள், வரைபடம் கிடையாது. நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் துணிமேல் துணி வைத்துத் தைத்தவைதான். அங்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகிவிடலாம். அந்த வாய்ப்பு இல்லாதவருக்குத்தான் தாள் அதிகம் தேவைப்படும்.

எல்லாக் கட்டங்களும் சேரும்வரை தாளைக் கிழிக்கக் கூடாது. இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரங்கள் இழுபட்டுவிடும். கிழித்தபின் பஞ்சு விரிப்பும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. கோணலாகப் போன பருத்திக் கட்டங்களை, நடுவில் பழைய டர்க்கி டவல் வைத்து இரண்டிரண்டாக மூட்டினால் அடுப்படிக்குக் கரித்துணி ஆகும்.