குளிர்கால விருந்தினரும் பொங்கல் கணக்கெடுப்பும்

கர்நாடக எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளி வட்டாரத்தின் ஏரிகளும் ராகி வயல்களும் முட்புதர்க் காடுகளும், வட ஆசியாவில் குளிர் கடுமையாகி இரை அருகும்போது தெற்கே வரும் வலசைப் பறவைகளுக்கு, அதாவது பருவந்தோறும் இடம்பெயர்ந்து மீளும் பறவைகளுக்கு, புகலிடமாகின்றன.

அவற்றுள், ஏரிக்கரைச் சேற்றில் பின்னுடலை ஓயாமல் ஏற்றி இறக்கியபடி இரை பொறுக்குவது உள்ளான். முட்கிளையின் நுனியில் தனித்தமர்ந்து, கண்ணின் குறுக்கே ஓடும் கரும்பட்டையுடன் வெட்டுக்கிளிக்காகக் காத்திருப்பது பழுப்புக் கீச்சான். இது பெரும்பாலும் முந்தைய ஆண்டு தங்கிய அதே புதர்ப்பரப்புக்குத் திரும்பி, அதைத் தன் எல்லையாக வகுத்துப் பிற கீச்சான்களை விரட்டும்.

இத்தகைய பறவைகளைப் பதிவுசெய்ய, தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிய நான்கு நாள்களில் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடத்துகின்றனர். மாணவர், ஆசிரியர், உழவர் என எவரும் குறைந்தது 15 நிமிடம் பறவைகளை நோக்கி, கண்டும் குரல் கேட்டும் அறிந்த இனங்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் ‘இ-பேர்டு’ என்னும் உலகளாவிய இணையப் பதிவேட்டில் சேர்க்கலாம். அமெரிக்காவில் 1900இல் ஃபிராங்க் சாப்மன், கிறிஸ்துமஸ் பறவை வேட்டைக்கு மாற்றாகத் தொடங்கிய கணக்கெடுப்பும் இவ்வாறு பொதுமக்களின் உழைப்பால் வளர்ந்ததே. ஆண்டுகள் பல தொடரும் இத்தகைய பதிவுகளே, வேப்பனப்பள்ளியை உள்ளடக்கிய, ஆலைகளும் சாலைகளும் பெருகிவரும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் எந்தப் பறவையினம் குறைகிறது, எந்த ஏரியை உடனே காக்க வேண்டும் என்பதற்கு உறுதியான சான்றாகும்.