சர்தஷ்த்தில் இன்னும் தொடரும் போர்

1987 ஜூன் 28 அன்று, ஈரானின் வடமேற்கு எல்லையில் குர்து மக்கள் வாழும் சர்தஷ்த் நகரின் மீது இராக்கிய விமானங்கள் குண்டு வீசின. ஈரானும் இராக்கும் 1980 முதலே போரில் இருந்ததால், குண்டுவீச்சு நகர மக்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் அன்று விழுந்த குண்டுகளில் இருந்தது கடுகு வாயு. கடைத்தெருவிலும் வீட்டிலும் இருந்த சாதாரண மக்கள்தான் அதற்கு இலக்கானார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

வாயு என்று பெயர் இருந்தாலும் அது எண்ணெய் போன்ற திரவம். நுண்துளிகளாகத் தெறித்துப் பரவும். காற்றைவிடக் கனமான அதன் ஆவி, நிலவறைகளிலும் பள்ளங்களிலும் இறங்கித் தேங்கும். வழக்கமான குண்டுக்குப் பயந்து கீழே பதுங்கினால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

இதன் கொடுமை தாமதத்தில் இருக்கிறது. மேலே பட்டவுடன் வலிக்காது. சில நிமிடங்களில் செல்களுக்குள் புகுந்து மரபணுப் பொருளைச் சிதைத்துவிடும். ஆனால் கண் எரிச்சலும் கொப்புளமும் மூச்சுத்திணறலும் தெரிய பல மணி நேரம் ஆகும். அதற்குள் நனைந்த உடையோடு வீடு திரும்பியவர் பிள்ளையைத் தூக்கியிருப்பார். சிகிச்சை தரும் மருத்துவருக்கும் செவிலியருக்கும்கூட நஞ்சு ஒட்டிக்கொள்ளும். இதற்கு இன்றுவரை மாற்று மருந்து இல்லை. உடனே கழுவலாம், புண்ணுக்கும் மூச்சுக்கும் வைத்தியம் பார்க்கலாம், அவ்வளவே.

உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கின. கண் சரியாகிவிட்டது என்று நம்பியிருந்த சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கருவிழி மறுபடி புண்ணானது.

இந்த ஆயுதம் அன்றைய இராக் அதிபர் சதாம் உசேன் காலத்தில் பிறந்ததல்ல. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே களத்தில் 1917 ஜூலையில் கடுகு வாயு வந்தது. அந்தப் போரில் நச்சு வாயுவால் சுமார் 90,000 பேர் மாண்டதாகக் கணிக்கிறார்கள். அதன் பிறகு, 1925இல் ஜெனீவா உடன்படிக்கை இந்த ஆயுதங்களைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. தயாரிப்பதையும் சேமிப்பதையும் தடுக்கவில்லை. பத்தே ஆண்டுகளில் எத்தியோப்பியா மீது இத்தாலி கடுகு வாயுவைப் பொழிந்தது.

இராக் விஷயத்தில் உலகம் அறியாமல் இருக்கவில்லை. 1984இலேயே ஐ.நா. நிபுணர் குழு களத்துக்குச் சென்று ரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டதை உறுதி செய்தது. கண்டன அறிக்கைகள் வந்தன, தாக்குதல் நிற்கவில்லை. 1988 மார்ச் 16 அன்று இராக்கின் ஹலப்ஜா நகரில், தன் நாட்டுக் குர்து மக்கள்மீதே சதாம் அரசு வாயுவை ஏவியது. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். மூலப்பொருள் வெளிநாட்டு வணிகர்கள் வழியாகப் போனது. அப்படி விற்ற டச்சு வணிகர் ஃபிரான்ஸ் வான் அன்ராட்டுக்கு 2005இல் போர்க்குற்ற உடந்தைக்காக 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது கூடியது.

1997இல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம்தான் தயாரிப்பு, சேமிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தடுத்தது. இந்தியா தன் கையிருப்பை 2009இல் அழித்து முடித்தது. அமெரிக்கா 2023 ஜூலையில் முடித்தது. இடையில் 2013 ஆகஸ்டில் சிரியாவின் கூத்தாவில் சரின் வாயு நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது.

பாதிக்கப்பட்டோருக்கு உதவ 2011இல் ஒரு நிதியமும் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அதற்கு நாடுகள் விரும்பினால் மட்டுமே பணம் தருகின்றன. கிடங்குகளை அழிக்கக் கெடு வைத்துக் கணக்குக் கேட்ட ஒப்பந்தம், மூச்சு விடப் போராடுபவர்களின் ஆயுட்கால வைத்தியத்துக்கும் அதே கண்டிப்போடு பணம் கேட்க வேண்டும்.