பேர் மாறிய மாத்திரை

"கவர்மெண்ட் மருந்து நமக்குக் கேக்காது." ஜொகூர்த் தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. குளுவாங், குளாய், லாயாங் லாயாங், உலு திராம் பக்கத்துத் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் இந்தப் பேச்சு மட்டும் கூடவே வந்துவிட்டது. அரசு கிளினிக்கில் விடியற்காலையில் வரிசை பிடித்து, ஒரு வெள்ளி கட்டி, இனிப்பு நீருக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கி வருவார்கள். வாங்கிய மருந்து அலமாரியில் கிடக்கும். தலை சுற்றினால் தனியார் கிளினிக்குக்குப் போய்க் காசைக் கொட்டி "நல்ல மருந்து" வாங்குவார்கள்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு வெள்ளிக்குத் தே தாரிக் கூடக் கிடைக்காத ஊரில், ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் மருந்து எப்படி உசத்தியாக இருக்கும் என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. தோட்டத்து டிரெஸ்ஸர் எந்த நோய்க்கும் ஒரே புட்டியிலிருந்துதான் ஊற்றிக் கொடுத்தார் என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் உண்டு. ஏழைக்கு இரண்டாந்தரச் சரக்குதான் வரும் என்பதை வாழ்க்கை அவர்களுக்குப் பல இடங்களில் கற்றுக் கொடுத்திருக்கிறது. மருந்தில் மட்டும் அப்படி இல்லை என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை.

விளக்காததன் விலை பெரிது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் வயது வந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர், பெரும்பாலும் ஆயுள் முழுக்க மாத்திரையோடு வாழ வேண்டியவர். அந்த மாத்திரையை நம்பாமல் அவர் எப்படி வாழ்வது?

குளாயில் ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் பரப்பி வைத்திருந்த மருந்துகளைப் பார்த்தேன். அரசு கிளினிக் கொடுத்த பிளாஸ்டிக் பையில் மலாய் மொழி லேபிள்: "1 பிஜி, செகாலி செஹாரி" (ஒரு மாத்திரை, நாளைக்கு ஒரு முறை). தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய அந்த அம்மாவுக்கு எண் மட்டும்தான் புரியும். பைக்குள் இருந்தது அம்லோடிபின். பக்கத்தில் தனியார் கிளினிக் கொடுத்த அட்டை, மேலே நார்வாஸ்க் என்ற பேர். இரண்டும் ஒரே மருந்து. ஒன்று ஜெனரிக், மற்றது அதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த ஃபைசர் கம்பெனியின் பேர். அந்த அம்மா காலையில் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "அது கவர்மெண்ட் மருந்து, இது கிளினிக் மருந்து, ரெண்டும் வேற வேறதானே தம்பி?" என்றார். இரண்டும் ஒன்றென்று அவரிடம் சொல்ல ஆளில்லை.

ஒரு புது மருந்தைக் கண்டுபிடிக்கும் கம்பெனிக்குச் சில காலம் காப்புரிமை உண்டு. அந்தக் காலம் முடிந்ததும் அதே வேதிப்பொருளை மற்றவர்களும் செய்யலாம்; அதுதான் ஜெனரிக். ஆராய்ச்சிச் செலவும் விளம்பரச் செலவும் மிகக் குறைவு என்பதால் விலை இறங்குகிறது. மலிவுக்குக் காரணம் இவ்வளவுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் செய்து விற்றுவிட முடியாது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பரிசோதித்து, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் பதிவு செய்த பிறகே மருந்து கடைக்கு வரும். பெட்டியில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் எண் அந்தப் பதிவைத்தான் காட்டுகிறது. இத்தகைய மாத்திரைகள் பலவற்றுக்கு மனிதர்களிடமே சோதனை நடக்கிறது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரு முறை மூல மருந்தும், மறுமுறை ஜெனரிக்கும் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அளக்கிறார்கள்.

இங்கே, ரத்தத்தில் ஏறும் ஜெனரிக்கின் அளவை மூல மருந்தோடு ஒப்பிடும் "80 முதல் 125 விழுக்காடு" என்ற ஒரு கணக்கு வரும். ஜெனரிக்கில் இருபது விழுக்காடு மருந்து குறைவாக இருக்கலாம் என்று படித்தவர்களே இதற்குப் பொருள் சொல்கிறார்கள். அது தவறு. சோதனையில் கிடைக்கும் சராசரி மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள புள்ளியியல் வரம்பு முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். அப்படி அடங்க, சராசரி மூல மருந்துக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். அமெரிக்க மருந்து நிர்வாகம் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. உடல் ஏற்றுக்கொண்ட மருந்தின் அளவில் சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை விழுக்காடு.

அப்படியானால் "எனக்கு ஒத்துக்கல" என்கிறவர் பொய் சொல்கிறாரா? இல்லவே இல்லை. நியூசிலாந்தில் தைராய்டு மாத்திரையான எல்ட்ராக்சினுக்கு 30 ஆண்டுகளில் வந்த பக்கவிளைவுப் புகார்கள் 14. 2007இல் அதே கம்பெனி தயாரிப்பை வேறு ஆலைக்கு மாற்றியது. மருந்து அதேதான். மாத்திரையின் நிறமும் அளவும் சேர்மானங்களும்தான் மாறின. அடுத்த 18 மாதங்களில் 1400க்கும் மேற்பட்ட புகார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் பேசப் பேசப் புகார்கள் ஏறின. அந்த மக்கள் அனுபவித்த தலைவலியும் சோர்வும் நிஜம். சரியாக விளக்காமல் செய்த மாற்றம் பயத்தைக் கிளப்பிற்று, பயம் உடம்பில் வேலை செய்தது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியது. நம் அரசு மருந்தகங்களில் டெண்டர் மாறும்போதெல்லாம் மாத்திரையின் முகம் மாறுகிறது. போன மாதம் வட்டம், இந்த மாதம் நீள்வட்டம்.

தரம் பற்றிய பயத்தையும் மூடி மறைக்கக் கூடாது. 2018இல் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கலப்புப் பொருள் இருந்தது தெரிந்து உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள், மலேசியாவிலும் சில தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "இந்தியா மருந்தே வேண்டாம்" என்று இங்கே சொன்னவர்களின் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோல்ட்ரிஃப் ஒரு பிராண்டு பேர். அட்டையில் பளபளப்பான பேர் இருந்தது அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. ஆலைக்குள் போய்ப் பார்க்க வேண்டிய அதிகாரிகள் ஒழுங்காகப் பார்த்தார்களா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கேள்வியை எல்லா மருந்தையும் நோக்கி நாம் உரக்கக் கேட்க வேண்டும், பேர் பெற்றதோ பேரில்லாததோ.

இந்தியக் கம்பெனி என்றதும் நம் ஊர் இஸ்கந்தர் புத்ரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெங்களூரின் பயோகான் அங்கே இன்சுலின் ஆலை வைத்திருக்கிறது. இன்சுலின் உயிரணுக்களைக் கொண்டு செய்யப்படுவதால் அதன் நிகர் மருந்தை ஜெனரிக் என்று சொல்லாமல் பயோசிமிலர் என்பார்கள். அந்த ஆலையில் தயாராகும் செம்க்லீ என்ற இன்சுலின், சனோஃபியின் லாண்டஸுக்கு நிகரானது. 2021 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம், மூல மருந்துக்குப் பதிலாக மருந்தாளுநரே இதை மாற்றிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அந்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் பயோசிமிலர் அது. அமெரிக்க நோயாளிக்கு ஜொகூரில் செய்த மருந்து போகிறது, ஜொகூர் நோயாளியோ வெளிநாட்டுப் பேரைத் தேடுகிறார்.

2003இல் மலேசிய அரசு, காப்புரிமையை மீறிச் செல்லச் சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தி, இந்தியாவின் சிப்லாவிடமிருந்து எச்.ஐ.வி. ஜெனரிக் மருந்துகளை வரவழைக்க அனுமதித்தது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலராக இருந்த சிகிச்சைச் செலவு 58 டாலருக்கு இறங்கியது. அதுவரை வரிசைக்கு வெளியே நின்றவர்கள் பலர் உள்ளே வந்தார்கள். ஜெனரிக் என்றதும் எனக்கு முதலில் அவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைப் பார்வையில் வைக்க வேண்டும் என்பது சட்டம். நல்லது, ஆனால் விலை தெரிந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது. வலிப்பு மருந்து, வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கான மருந்து போன்றவற்றில் சிறு வித்தியாசமும் பெரிதாகலாம், அவற்றை டாக்டரைக் கேட்காமல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. மற்றவற்றில் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போய், "இதில் எது எது ஒரே மருந்து?" என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். மருந்துகளை விளக்கி, ஒழுங்காக எடுக்க உதவவென்றே அரசு மருத்துவமனைகளில் எம்.டி.ஏ.சி. என்ற மருந்தாளுநர் பிரிவு இருக்கிறது.

மருந்தகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் பாண்டு லாலு வசதியும், தபாலில் மருந்து அனுப்பும் ஏற்பாடும் வயதானவர்களின் காத்திருப்பைக் குறைத்திருக்கின்றன. அதே வேகத்தில் பேச்சும் குறைந்துவிட்டது. சப்ளையர் மாறிய மாதத்தில் மட்டுமாவது பழைய மாத்திரையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, "கம்பெனிதான் மாறியது, மருந்து மாறவில்லை" என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரு துண்டுச் சீட்டைப் பையோடு சேர்த்துக் கொடுங்கள்.