செவுள் முதல் வால் வரை

மீனின் செவுள் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் இரத்தம். செவுள் மூடியைத் தூக்கினால் பக்கத்துக்கு நான்கு வளைவுகள் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் சீப்புப் பற்களைப் போல நெருக்கமாகச் சிவந்த இழைகள். இழைக்குள் ஓடும் இரத்தத்துக்கும் வெளியே ஓடும் நீருக்கும் நடுவில் இருப்பது மிக மெல்லிய ஒரு சவ்வு மட்டும்தான். மீன் செத்து நேரமாக ஆக இந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பேறிவிடும். சந்தையில் பழகிய கைகள் முதலில் செவுளைத் தேடுவது அதனால்தான்.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. வெப்பமண்டலக் கடல்நீரில் அதே ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லிலிட்டர்தான். அந்தக் கொஞ்சத்தையும் மீன் வழித்தெடுத்துக்கொள்வதற்கு எதிரோட்டம் உதவுகிறது. நீர் ஒரு பக்கமாகப் போக, இழைக்குள் இரத்தம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய இரத்தம், செவுளை விட்டுப் போகுமுன் அப்போதுதான் உள்ளே வந்த புது நீரைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதனால் கடைசி நொடி வரை ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதே வளைவின் உட்பக்கத்தில் முட்கள் வரிசையாக நிற்கும். மத்திக்கு அவை மயிரிழை போல அடர்ந்திருக்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்கிற மீன் அது. வஞ்சிரத்தின் முட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மத்தியையும் நெத்திலியையும் துரத்திப் பிடித்து விழுங்குகிற மீனுக்குச் சல்லடை எதற்கு?

பெயரிடப்பட்ட மீன் இனங்கள் 35,000க்கும் மேல். முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஏறக்குறைய பாதி. சுமத்ராவின் சதுப்பு நீரில் வாழும் பேடோசிப்ரிஸ் 8 மில்லிமீட்டரிலேயே முதிர்ந்துவிடுகிறது. திமிங்கலச் சுறா 12 மீட்டரைத் தாண்டி வளரும். திமிங்கலமும் கணவாயும் நட்சத்திர மீனும் இந்தக் கணக்கில் வராது. திமிங்கலத்தை வாலை வைத்தே பிரித்துவிடலாம்: மீன் வாலை இடவலமாக வீசும், திமிங்கலம் மேலும் கீழுமாக.

சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. செவுளை மூடவும் மூடி இல்லை, வெறும் பிளவுகள்தான். சுறாவுக்கு அவை பக்கவாட்டில், திருக்கைக்கு அடிவயிற்றுப் பக்கம். உழுவை பார்வைக்குச் சுறாவைப் போலவே நீளமாக இருக்கும். புரட்டிப் போட்டால் பிளவுகள் அடியில். அது திருக்கையின் சொந்தம்.

எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் முதுகெலும்புக்குக் கீழே ஒரு காற்றுப்பை உண்டு. அதில் வாயுவைக் கூட்டியும் குறைத்தும், துடுப்பு அசைக்காமலே மீன் ஓர் ஆழத்தில் நிற்கிறது. கத்தாழை வகை மீன்கள் இந்தப் பையை மேளமாகவும் வைத்திருக்கின்றன. பக்கத் தசைகள் அதிர, பை ஒலிக்கிறது. வஞ்சிரத்துக்குப் பையே இல்லை. சரசரவென மேலேறவும் கீழிறங்கவும் அது வசதி. ஆனால் நீந்துவதை நிறுத்தினால் மூழ்க வேண்டியதுதான். சுறாவுக்கும் பை இல்லை, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் ஓரளவு தூக்கிக் கொடுக்கிறது.

கொடுவாயின் விலாவில் தலையிலிருந்து வால் வரை ஓடும் கோடு அழகுக்கானதல்ல. செதில்களில் உள்ள துளைகள் வழியாக நீரின் அசைவை உணரும் புலன் அது. கலங்கிய நீரிலும் இரை துள்ளுவது அதற்குத் தெரியும்.

நாக்கு மீன் குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்து சேர, மீன் தரையில் படுத்துவிடுகிறது. வளர்ந்த வெள்ளை வவ்வாலுக்கு வயிற்றுத் துடுப்பு இல்லை. கருப்பு வவ்வால் உண்மையில் வவ்வாலே அல்ல, பாறை மீன் குடும்பம். கடைப் பெயரை நம்பினால் இப்படித்தான்.

பனையேறிக் கெண்டைக்குச் செவுள் போதாது. செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள் கொண்ட ஓர் அறையில் அது காற்றை இழுத்து வைத்துச் சுவாசிக்கிறது. நீர்ப்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். குளம் வற்றினால் முள் நிறைந்த செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, உடலை உந்தி அடுத்த குளத்துக்கு நகர்ந்துவிடும். 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் டென்மார்க் கம்பெனியின் லெப்டினன்ட் டால்டோர்ஃப், குளக்கரைப் பனையில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். மரமேறுவதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. தரையில் நடப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெர்லினில் மார்கஸ் புளோக் 1792இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டினார். புளோக் சேகரித்த மீன்களில் பல பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.