போர்முனையில் ஒரு நிருபர்!

காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நிற்கும். டீக்கடை வாசலில் அன்றைய செய்தித்தாள் தொங்கும். எங்கோ தொலைதூர நாட்டில் நடக்கும் போரைப் பற்றி அதில் படிக்கிறோம். குண்டு விழும் இடத்திலிருந்து அந்தச் செய்தியை எழுதி அனுப்புவது யார் என்று யோசித்ததுண்டா, குட்டீஸ்?

அவர்கள்தான் போர்முனை நிருபர்கள். அவர்களில் ஒருவர், மேரி கால்வின். 1956-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். லண்டனில் இருந்து வெளிவரும் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் சுமார் 25 ஆண்டுகள் பணியாற்றினார்.

எந்த ஊரை யார் பிடித்தார்கள் என்பதோடு மேரி நிறுத்த மாட்டார். அங்கே மாட்டிக்கொண்ட அம்மாக்களும் குழந்தைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் போவார்.

1999-ல் கிழக்குத் தைமூரில் சுமார் 1,500 பேர் ஐ.நா. வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். வெளியே ஆயுதக் கும்பல்! பல நிருபர்கள் கிளம்பிவிட்டனர். மேரி போகவில்லை. அங்கிருந்தே செய்தி அனுப்பினார். உலகத்தின் கவனம் திரும்பியது. சில நாட்களில் அந்த மக்கள் பத்திரமாக வெளியேற்றப்பட்டனர்.

2001-ல் இலங்கையின் வன்னிக்குச் சென்றார். நிருபர்கள் அங்கே போக அரசு தடை விதித்திருந்த நேரம் அது. உணவும் மருந்தும் போதாமல் தமிழ் மக்கள் பட்ட துயரத்தை நேரில் பார்த்தார். இரவில் ரகசியமாகத் திரும்பும்போது ராணுவம் சுட்டது. "பத்திரிகையாளர்!" என்று கத்தினார். அப்படியும் குண்டு வெடித்தது. இடது கண்ணின் பார்வை போனது. ஆனாலும் செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டார்! அதன்பின் அந்தக் கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்துக்கொண்டு, மீண்டும் போர்முனைக்குப் புறப்பட்டார்.

இவ்வளவு ஆபத்து தேவையா? 2010-ல் லண்டனில் பேசியபோது மேரியே இந்தக் கேள்வியை எழுப்பினார். நடப்பதை யாராவது நேரில் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும் என்பதே அவர் முடிவு.

2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் இருந்தார். குண்டுவீச்சில் ஒரு பச்சிளம் குழந்தை இறந்ததைத் தொலைக்காட்சிகளில் சொன்னார். மறுநாள், 22-ம் தேதி, அவர் தங்கியிருந்த வீட்டின் மீதே குண்டுகள் விழுந்தன. மேரியும், பிரெஞ்சு புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் பலியானார்கள். இது திட்டமிட்ட தாக்குதல் என்று 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நியூயார்க்கில் உள்ள ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் மேரியின் பெயரில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. இளம் நிருபர்கள் அங்கே உருவாகிறார்கள்.

நாளைக்குச் செய்தித்தாளைப் பிரிக்கும்போது, செய்தியோடு அதை எழுதியவரின் பெயரையும் தேடிப் படியுங்கள், குட்டீஸ்!