மூன்று வொற் டைனமோவும் அப்பாவின் குரலும்: வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்குமுன் அறியவேண்டியவை

கீரிமலைக் கேணிக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. 1990 யூனில் அதை விட்டு ஓடியபோது அம்மாவின் பையில் காணி உறுதியும் அடையாள அட்டைகளும் ஒரு கசெற்றும் இருந்தன. அக்காவின் கலியாணத்தன்று முற்றத்தில் பதிந்த கசெற். தவிலும் நாதஸ்வரமும், இடையிடையே வருபவர்களை "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிடும் அப்பாவின் குரலும் அதில் உண்டு. அப்பாவின் குரல் என்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இடம்பெயர்ந்து இருந்த வீட்டில் மின்சாரம் இல்லை. பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடியது. தமிழோசையும் வெரித்தாசும் அப்படித்தான் கேட்டோம். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வொற். வானொலிக்குள் இருந்த ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான். ஆனாலும் சுற்றியிருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் செய்தி தெளிவாகக் கேட்டது. அந்த 3 வொற் சொல்லித்தந்த பாடம், பிறகு பணத்தைக் கொட்டித் தோற்ற பின்தான் எனக்கு விளங்கியது.

காணி விடுபட்டு, வீடு கட்டி முடிந்ததும் முதல் ஆசையாக ஒரு ஸ்பீக்கர் செற் வாங்கினேன். பெட்டியில் பெரிதாக "2000 வொற்" என்று அச்சடித்திருந்தார்கள். கசெற்றைப் போட்டால் தவில் "தும் தும்" என்று அதிர்ந்தது. அப்பா பானைக்குள் இருந்து கதைப்பதுபோல் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நிப்பாட்டு தம்பி, இது அவரில்லை" என்றா.

ஏன் அப்படி என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதலில் அந்த 2000 வொற். மலிவு செற்றுகளில் 'பிஎம்பிஓ' என்று போடும் கணக்குக்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. செய்பவர் விரும்பிய எண்ணைப் போடலாம். தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வலு அதில் மிகச் சிறு பங்குதான். பார்க்கவேண்டிய எண் 'ஆர்எம்எஸ்' என்று குறித்திருக்கும்.

அதைவிட முக்கியமானது ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வொற் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதே அது. சத்தம் 3 டெசிபெல் கூடவேண்டுமானால் வலு இரண்டு மடங்காக வேண்டும். 90 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வொற்றில் தரும் சத்தத்தை, 84 டெசிபெல் ஸ்பீக்கர் தர 40 வொற் வேண்டும். வீட்டில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும்போது செலவாகும் வலு பெரும்பாலும் 1 வொற்றுக்கும் குறைவு. டைனமோ எங்களுக்குப் போதுமாக இருந்த இரகசியம் இதுதான்.

அப்படியானால் கூடுதல் வலு எதற்கு? தவிலைக் கேளுங்கள். வலந்தலையில் விரற்கூடு படும் கணத்தில் சத்தம் சராசரியைவிட 20 டெசிபெல் எகிறலாம். அந்தக் கணத்துக்கு மட்டும் 100 மடங்கு வலு வேண்டும். அதைக் கொடுக்க முடியாத அம்பிளிபயர் ஒலியின் உச்சியை வெட்டிவிடும். இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவிலையோ அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையோ கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வெட்டு உடனே தெரியும். கடைக்குப் போனால் அவர்கள் போடும் பாட்டில் மயங்காமல், உங்களுக்குப் பழகிய ஒரு தவில் பதிவையும் ஒரு மனிதக் குரலையும் கொண்டுபோய்க் கேளுங்கள்.

அடுத்தது அறை. என் தவறில் பாதி அங்கேதான் இருந்தது. மீள்குடியேறிய பின் கட்டிய வீடுகள் பெரும்பாலும் என்னுடையதைப் போன்றவை: சீமெந்துச் சுவர், ரைல்ஸ் நிலம், தளபாடம் குறைவு. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். 12 அடி நீள அறையில் 48 ஹேர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் கீழ்சுருதி வீங்கும். ஸ்பீக்கரை மூலைக்குள் தள்ளினால் இன்னும் வீங்கும். அந்த வீக்கம் குரலை மூடிவிடும். அப்பா பானைக்குள் போனது அப்படித்தான்.

ஒரு சதமும் செலவில்லாமல் முதலில் இதைச் செய்யுங்கள். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே வையுங்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமளவே நீங்களும் தள்ளி இருங்கள். உயர்சுருதி தரும் சிறிய ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்கட்டும். பிறகு, நீங்கள் இருக்கும் இடத்தில் இருந்தபடியே, பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் தடித்த போர்வையோ புத்தக அலுமாரியோ வையுங்கள். நிலத்தில் ஒரு தடித்த விரிப்புப் போடுங்கள்.

லண்டனில் இருக்கும் மச்சான் பழைய ஸ்பீக்கர் ஒரு சோடி அனுப்பியது அதன் பிறகுதான். பழையது என்று ஒதுக்காதீர்கள். பிபிசி தன் ஒலிபரப்பு வாகனங்களுக்காக 1970களில் வடிவமைத்த 'எல்எஸ்3/5ஏ' என்ற சின்னப் பெட்டியை, குரல் உண்மையாகக் கேட்பதற்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் பழையதை வாங்கினால் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். நுரை விளிம்பு பதினைந்து இருபது ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். றப்பர் விளிம்பு கூடக் காலம் தாங்கும். நுரையை மட்டும் மாற்றி ஒட்டலாம், முழு ஸ்பீக்கரையும் எறியத் தேவையில்லை. கடற்கரைக் காரருக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் வயரின் செப்பு நுனி பச்சை பிடிக்கும். அந்த நுனியை இடைக்கிடை வெட்டிப் புதிதாக உரித்துப் பூட்டினாலே ஒலி திரும்பிவரும்.

விலையைக் கண்டு ஏமாறாதீர்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையில் நெடுங்காலம் ஒலியை ஆய்ந்த ஃபுளோயிட் டூல், பின்னர் அமெரிக்காவில் ஷோன் ஒலிவுடன் சேர்ந்து 1994 இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபடி கேட்டவர்கள் கொடுத்த மதிப்பெண், அவற்றைத் திரைக்குப் பின்னால் மறைத்ததும் மாறிவிட்டது. காது கேட்டதில் பாதியைக் கண்தான் கேட்டிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கசெற் இருக்கலாம். ஈரமும் பூஞ்சணமும் நாடாவைத் தின்றுகொண்டிருக்கின்றன. நாடாவில் அழிந்ததை எந்த விலை ஸ்பீக்கரும் திருப்பித் தராது. ஹெட்டைத் துடைத்துச் சுத்தமாக்கிய பிளேயரில் ஓடவிட்டு, கணினியில் 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். ஒரு பிரதி வீட்டிலும், இன்னொன்று வெளியூரில் உள்ள உறவிடமும் இருக்கட்டும். வீட்டை ஒரே நாளில் விட்டு ஓடிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தீர்த்தமாட அக்கா கனடாவிலிருந்து வந்தா. அன்று பின்னேரம் அதே பதிவைப் போட்டேன். தவில் ஓயும் ஒரு இடத்தில், இத்தனை வருடமும் அதிர்வுக்குள் புதைந்து கிடந்த ஒரு வரி தெளிவாக வந்தது. "பிள்ளை காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை, தண்ணி எண்டாலும் குடுங்கோ." அப்பாதான். அக்காவைப் பற்றித்தான்.

அக்கா திரும்பப் போடச் சொன்னா. அம்மா இந்த முறை நிப்பாட்டச் சொல்லவில்லை.