பட்டறைக்குத் திரும்பிய பிள்ளை

பெற்றோர் தினத்தன்று எந்தப் பள்ளியின் வாயிலில் நின்று பார்த்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். சில மாணவியர் தாயின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு தோழியரிடம் ஓடுவர். வேறு சிலரோ, "நீ இங்கேயே இரும்மா, நான் போய்விட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லித் தனியே உள்ளே செல்வர். தாயின் சாயம் போன சேலை, தந்தையின் காய்த்துப்போன கை, அவர்களது பட்டிக்காட்டுப் பேச்சு இவையெல்லாம் பிறர் கண்ணில் படக்கூடாதே என்ற கூச்சம்தான் அதற்குக் காரணம். இந்தக் கூச்சத்தை உள்ளபடி எடுத்துக்காட்டிய நாவல் ஒன்று உண்டு. அது ஆங்கில எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'.

டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிறந்தவர். 1824-இல், அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது, கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாத தந்தை இலண்டனில் மார்ஷல்சி என்ற கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். சிறுவன் சார்ல்ஸ் பூட்ஸ் பாலிஷ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு அனுப்பப்பட்டான். டப்பாக்களைக் காகிதத்தால் மூடிக் கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவன் வேலை. சில மாதங்களில் தந்தை விடுதலையானார். மகனை மீண்டும் பள்ளிக்கு அனுப்ப விரும்பினார். தாயோ அவன் வேலையிலேயே தொடரட்டும் என்றார். தாய் சொன்ன அந்த வார்த்தையை டிக்கன்ஸ் கடைசி வரை மறக்கவில்லை. அந்நாள்களைப் பற்றித் தம் பிள்ளைகளிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. 1870-இல் அவர் மறைந்த பிறகு, நண்பர் ஜான் பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகத்தான் உலகம் அதை அறிந்தது.

வாயால் சொல்லாததை அவர் கதையாக எழுதினார். 1849-50-இல் வெளிவந்த 'டேவிட் காப்பர்பீல்டு' நாவலில், கொடிய மாற்றாந்தந்தையால் வேலைக்குத் துரத்தப்படும் சிறுவனாகத் தம்மையே படைத்தார். கடனில் மூழ்கியும் நம்பிக்கை இழக்காத மிக்காபர் என்ற பாத்திரத்தில் தம் தந்தையின் சாயலை வைத்து, அன்போடு நம்மைச் சிரிக்க வைத்தார். பிறர் தனக்கு இழைத்த தீங்கைச் சொல்லும் பிள்ளையின் கதை அது.

பத்தாண்டுகள் கழிந்தன. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை, தாம் நடத்திய வார இதழில் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைத் தொடராக எழுதினார். சொன்னதையே திரும்பச் சொல்லிவிடக்கூடாது என்று, தொடங்கும்முன் 'டேவிட் காப்பர்பீல்டு' நாவலை மறுபடி படித்துப் பார்த்தாராம். இதிலும் ஒருவன் தன் இளமைக் கதையைத் தானே சொல்கிறான். ஆனால் இம்முறை அவன் கேட்கும் கேள்வி வேறு: "என்னை வளர்த்தவருக்கு நான் என்ன செய்தேன்?"

கதை இதுதான். பெற்றோரை இழந்த பிப் என்னும் சிறுவனை அவன் அக்காள் அடித்தும் வைதும் வளர்க்கிறாள். அக்காளின் கணவர் ஜோ ஒரு கொல்லர். தம் பெயரிலுள்ள இரண்டொரு எழுத்தைத் தவிர வேறு படிக்கத் தெரியாதவர். பிப்பிடம் அன்பு காட்டுபவர் அவரே. ஒரு நாள் பணக்கார வீடொன்றில் எஸ்டெல்லா என்ற சிறுமி பிப்பின் முரட்டுக் கைகளையும் கனத்த பூட்ஸையும் பார்த்து ஏளனம் செய்கிறாள். அன்று முதல் அவனுக்குத் தன் வீடே வெட்கமாகிவிடுகிறது. பின்னர் முகந்தெரியாத ஒருவரின் பணத்தால் அவன் இலண்டனில் கனவானாகிறான். அங்கே ஜோ அவனைப் பார்க்க வருகிறார். தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறார். தாம் தூக்கி வளர்த்த பிள்ளையையே "ஐயா" என்று அழைக்கிறார். பணம் கொடுத்து அவர் வரவைத் தடுக்க முடிந்திருந்தால் தடுத்திருப்பேன் என்று பிப் பின்னாளில் ஒப்புக்கொள்கிறான். நாவலில் நம்மை மிகவும் சுடுகின்ற இடம் இது.

செல்வம் கை நழுவுகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிப்பைக் கடனுக்காகக் கைது செய்ய ஆள் வருகிறது. அப்போது ஓடி வந்து இரவும் பகலும் பணிவிடை செய்பவர் ஜோ. 123 பவுனுக்கு மேற்பட்ட அந்தக் கடனையும் தாமே அடைத்துவிட்டு, பிப் எழுந்து நடக்கத் தொடங்கியதும் சொல்லாமலே ஊர் திரும்புகிறார். மேசைமேல் இருந்தவை ஒரு ரசீதும் ஒரு சிறு கடிதமும். எழுத்தறியாத அவர் இதற்குள் எழுதக் கற்றிருந்தார்! பிப் பட்டறைக்குத் திரும்பிச் சென்று மன்னிப்புக் கேட்கிறான்.

இந்த நாவலில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. அனுபவிப்பது சிறுவன், சொல்வது வளர்ந்த மனிதன். சிறுவன் கண்ணுக்கு ஜோ ஒரு நாட்டுப்புறத்தார். சொல்பவன் கண்ணுக்கு அவரே உண்மையான கனவான். குழந்தைப் பருவத்தோடு ஒப்புரவாவது என்பது இதுவே: அன்று நடந்ததை மாற்ற முடியாது, அன்று காணத் தவறியதை இன்று காண முடியும்.

அதற்காக, பட்ட அடியை அடியே இல்லை என்று டிக்கன்ஸ் சொல்லவில்லை. அக்காளின் கொடுமையை அவர் மறைக்கவில்லை. ஆனால் தாக்கப்பட்டு, பேச்சிழந்து கிடந்த அவளே சாகும் தறுவாயில் கணவன் பெயரையும் தம்பி பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள் என்று காட்டுகிறார். ஜோவின் இளமையும் இனியதன்று. குடிகாரத் தந்தை அவரையும் அவர் தாயையும் அடித்தவர். தாய் பட்ட பாட்டைக் கண்டதனாலேயே, தாம் எந்தப் பெண்ணையும் துன்புறுத்திவிடக்கூடாது என்று ஜோ எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார். அடிபட்ட பிள்ளை அடிக்கும் மனிதனாகத்தான் வளர வேண்டுமா? இல்லை என்பதற்கு ஜோ சாட்சி.

நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் உவமை நமக்கு நினைவு வருகிறதன்றோ? அங்கே தந்தை, திரும்பி வரும் மகனைத் தொலைவிலேயே கண்டு ஓடிச் சென்று தழுவுகிறார். இங்கே ஜோ, மகன் போன தூர தேசத்துக்கே தேடிச் செல்கிறார்.

அன்பு மாணவியரே! நீங்கள் பிள்ளைகளாக இருக்கும் இந்நாளிலேயே இந்த நாவலைப் படித்துவிடுங்கள். பிப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டதை நீங்கள் இன்றே காணலாம். பெற்றோரே! உங்கள் மகள் உங்களைக் கண்டு கூசினால் மனம் ஒடிந்துவிடாதீர்கள். ஜோவைப் போல் கதவைத் திறந்தே வையுங்கள். அடுத்த பெற்றோர் தினத்தில் எந்தத் தாயும் வாயிலருகே தனியே நிற்காதிருந்தால், டிக்கன்ஸ் சொன்னது நமக்குப் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.